பிரித்துச் சேர்க்கும் இருக்கைகள்

உணவும் உடையும் உறையுளும் மனிதனுக்கு இன்றியமையாதவை. உறையுள் என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் மட்டும் அன்று. அமர்வதற்கு இருக்கை, படுப்பதற்குக் கட்டில், பொருள்களை வைப்பதற்குப் பேழை முதலியன சேர்ந்த பின்னரே வீடு வாழ்வதற்கு உரியதாகிறது. இவற்றை அறைகலன்கள் என்பர். ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவர்கள் கட்டிய கோட்டைகளும் கோயில்களும் உணர்த்தும். அவர்கள் அமர்ந்த இருக்கைகளும் அவ்வாறே உணர்த்தும். அரியணை ஓரிடத்தில் அசையாது நிற்பது. அது நிலைத்த ஆட்சியின் அடையாளம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலி நாட்டில் தோன்றிய சில இருக்கைகளோ அதற்கு நேர்மாறானவை. அவை இடம் மாறும்; வடிவு மாறும்; ஒன்று பலவாகப் பிரியும்; பல ஒன்றாகக் கூடும். அவை தோன்றிய வரலாறும், ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் மக்கள் அவற்றை விரும்பும் காரணமும், பழுதுற்றவற்றைப் புதுப்பிக்கும் முறையும் அறிந்து மகிழத்தக்கவை.

போரும் புதுவாழ்வும்

இரண்டாம் உலகப் போர் இத்தாலியைப் பெரிதும் சிதைத்தது. 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மிலான் நகரின்மீது குண்டுகள் மழையெனப் பொழிந்தன. புகழ்பெற்ற லா ஸ்காலா இசையரங்கமும் அக்குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை. போர் முடிந்தபோது எண்ணற்ற குடும்பங்கள் வீடின்றித் தவித்தன. அரசு 1949-ஆம் ஆண்டில் ‘இனா காசா’ என்னும் பெரிய வீடமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1963-ஆம் ஆண்டு வரை நடந்த அத்திட்டத்தால் ஏறத்தாழ 3,50,000 வீடுகள் எழுந்தன.

புதிய வீடுகள் தூயனவாகவும் காற்றோட்டம் உள்ளனவாகவும் இருந்தன. ஆயினும் அவற்றின் அறைகள் சிறியவை. பாட்டன் காலத்துப் பெரிய மரப்பேழையும், நால்வர் சேர்ந்து தூக்க வேண்டிய நீண்ட இருக்கையும் அவ்வறைகளில் நுழையா. பகலில் விருந்தினர் அமரும் அறையே இரவில் படுக்கும் அறையாகவும் அமைந்தது. ஆகவே, இடத்திற்கு ஏற்ப மாற்றத்தக்க அறைகலன் வேண்டும் என்ற தேவை எழுந்தது. தேவையே புதுமையின் தாய் அன்றோ?

அத்தேவையை நிறைவு செய்யும் ஆற்றல் இத்தாலியில் இருந்தது. மிலானுக்கு வடக்கே பிரியான்சா என்னும் வட்டாரம் உண்டு. அங்குள்ள காந்தூ, லிசோனே, மேதா முதலிய ஊர்களில் தச்சர்களும் மெத்தை தைப்போரும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் புரிந்து வந்தனர். மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த இளங் கட்டடக்கலைஞர்களோ போருக்குப் பின் தம் திறமைக்கு வேலை தேடினர். கைத்திறம் மிக்க தொழிலாளரும் கருத்து வளம் மிக்க கலைஞரும் ஒன்றுபட்டனர். 1954-ஆம் ஆண்டில் சிறந்த வடிவமைப்புக்கென ‘பொற்கவராயம்’ என்னும் பொருள்படும் ‘கொம்பாசோ தோரோ’ பரிசு நிறுவப்பட்டது. 1961-ஆம் ஆண்டில் மிலானில் அறைகலன் கண்காட்சி முதன்முறையாக நடந்தது.

புதிய பொருள்கள்

பழைய இருக்கைகள் மரத்தாலும், எஃகுச் சுருள்களாலும், குதிரை மயிராலும் ஆனவை. போருக்குப் பின் வேதியியல் புதிய பொருள்களைத் தந்தது. மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜூலியோ நாத்தா 1954-ஆம் ஆண்டில் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை ஆக்கிக் காட்டினார். பெருமூலக்கூறுகள் பற்றிய ஆய்வுக்காக 1963-ஆம் ஆண்டின் நோபல் பரிசைக் கார்ல் சீக்லருடன் பகிர்ந்துகொண்டார். அவரிடம் பயின்ற ஜூலியோ காஸ்தெல்லி என்பவர் 1949-ஆம் ஆண்டிலேயே கார்த்தெல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். முதலில் உந்துவண்டிகளுக்குரிய துணைப்பொருள்களைச் செய்த அந்நிறுவனம், பின்னர் வீட்டுப் பொருள்களையும் பிளாஸ்டிக்கில் வார்க்கத் தலைப்பட்டது.

பாலியூரிதேன் நுரை மற்றொரு புதுமை. இதன் வேதியியலுக்கு 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒட்டோ பேயர் என்பவர் வழிகண்டார். இரண்டு நீர்மங்களைக் கலந்தால் அவை ஒன்றோடொன்று வினைபுரியும். உள்ளே வளிக்குமிழிகள் தோன்றும். புளித்த மாவு பொங்குவது போலக் கலவை பொங்கி எழுந்து, சில நிமிடங்களில் மென்மையான பஞ்சுபோல் உறையும். இந்நுரையை வேண்டிய வடிவில் வார்க்கலாம், வெட்டலாம். இதற்குச் சட்டமும் சுருளும் வேண்டுவதில்லை. முன்பு மெத்தையைத் தாங்குவதற்கு மரச்சட்டம் இருந்தது. இப்போது மெத்தையே தன்னைத் தாங்கிக்கொண்டது. இருக்கையின் வடிவம் விடுதலை பெற்றது இங்ஙனமேயாம்.

அடுக்கிய உருளைகள்

இப்புதிய அறைகலன்களுள் எளிமைக்கு எடுத்துக்காட்டாக ‘கொம்போனிபிலி’ என்பதைக் கூறலாம். ‘இணைக்கத்தக்கவை’ என்பது அச்சொல்லின் பொருள். இதனை 1960-களின் பிற்பகுதியில் வடிவமைத்தவர் ஆன்னா காஸ்தெல்லி பெர்ரியேரி என்னும் பெண்மணி. 1918-ஆம் ஆண்டில் பிறந்த இவர் 1943-ஆம் ஆண்டில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். பெண்கள் அத்துறையில் நுழைதல் அரிதாக இருந்த காலம் அது.

கொம்போனிபிலி என்பது ஏ. பி. எஸ். என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன சிறிய வட்டப் பேழை. அதன் கதவு பேழையின் வளைவை ஒட்டியே வழுக்கித் திறக்கும். விரல் நுழையும் துளை ஒன்றே அதற்குப் பிடி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று, நான்கு எனப் பேழைகளை அடுக்கலாம். ஆணியும் திருகும் வேண்டா. மேற்பேழை கீழ்ப்பேழையின் விளிம்பில் தானே பொருந்தி நிற்கும். படுக்கை அருகே ஒன்றாக வைத்தால் விளக்கு மேடை. குளியலறையில் மூன்றாக அடுக்கினால் சிறு அலமாரி. குழந்தை வளர்ந்து, குடும்பம் பெருகி, வீடு மாறினாலும் அது பயனற்றுப் போவதில்லை. நியூயார்க்கு நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் இதனைத் தன் தொகுப்பில் சேர்த்துள்ளது.

ஏறத்தாழ அக்காலத்திலேயே ஜோ கொலம்போ என்னும் கலைஞர் வெவ்வேறு அளவுள்ள மெத்தைகளை உலோகப் பிடிகளால் இணைத்து, வேண்டியவாறு நாற்காலியாகவோ நீளிருக்கையாகவோ அமைக்கும் முறையைக் கண்டார். எதிர்கால வீட்டைப் பற்றி இடையறாது சிந்தித்த அவர், 1971-ஆம் ஆண்டில் தம் நாற்பத்தொன்றாம் பிறந்த நாளிலேயே காலமானார்.

காமலேயோந்தா

இவ்வகை இருக்கைகளுள் மிகுந்த புகழ் பெற்றது ‘காமலேயோந்தா’ என்பதாகும். மாரியோ பெல்லினி இதனை 1970-ஆம் ஆண்டில் சி அண்ட் பி இத்தாலியா என்னும் நிறுவனத்திற்காக வடிவமைத்தார். அந்நிறுவனம் 1966-ஆம் ஆண்டில் தோன்றி, 1973-ஆம் ஆண்டில் பி அண்ட் பி இத்தாலியா எனப் பெயர் மாறியது. பெல்லினி மிலானில் 1935-ஆம் ஆண்டில் பிறந்தவர். ஒலிவெத்தி நிறுவனத்தின் கணக்கிடு பொறிகளுக்கு வடிவம் தந்தவர். பொறிகளின் உறுப்புகளைப் பொருத்திப் பழகிய அறிவு, இருக்கையின் உறுப்புகளைப் பொருத்துவதற்கும் துணை செய்தது போலும்!

‘காமலேயோந்தே’ என்றால் பச்சோந்தி. ‘ஓந்தா’ என்றால் அலை. பச்சோந்தி நிறம் மாறுவது போல இவ்விருக்கை வடிவம் மாறும். அலைகள் அடுத்தடுத்து எழுவது போல இதன் மெத்தைகள் புடைத்து நிற்கும். இருக்கையின் ஒவ்வோர் அலகும் 90 சென்டிமீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உடைய சதுரம். சாய்மானமும் கைதாங்கியும் தனித்தனி உறுப்புகள். இவற்றை எல்லாம் பிணைப்பன கம்பிவடங்கள், கொக்கிகள், வளையங்கள் ஆகிய மூன்றே. கொக்கியை வளையத்தில் மாட்டினால் இணையும், கழற்றினால் பிரியும். தச்சரும் வேண்டா, கருவிகளும் வேண்டா.

ஒரே அலகு தனித்து நின்றால் சிறு மணை. சாய்மானம் சேர்ந்தால் நாற்காலி. மூன்று அலகுகள் சேர்ந்தால் நீளிருக்கை. சாய்மானங்களைக் கழற்றி நான்கினை ஒட்டிவைத்தால் படுக்கை. நண்பர் பலர் கூடும் நாளில் அறை முழுவதும் வளைந்து செல்லும் வரிசையாகவும் அமைக்கலாம். இருக்கை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை இறுதியாக முடிவு செய்பவர் செய்தவர் அல்லர்; வாழ்பவரே. இதுவே அவ்வடிவமைப்பின் உயிர்க்கருத்து.

1972-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘இத்தாலி: புதிய இல்லநிலக் காட்சி’ என்னும் பெயரில் ஒரு பெருங்காட்சி நடந்தது. எமிலியோ அம்பாசு என்பவர் தொகுத்தமைத்த அக்காட்சியில் காமலேயோந்தாவும் இடம்பெற்றது. இத்தாலிய அறைகலனின் புகழ் உலகெங்கும் பரவியது. ஆயினும், உச்சியை அடைந்த கதிரவன் சாய்வது போல அடுத்த ஆண்டே நெருக்கடி தோன்றியது. 1973-ஆம் ஆண்டில் கல்லெண்ணெயின் விலை திடீரென உயர்ந்தது. பிளாஸ்டிக்கும் செயற்கை நுரையும் கல்லெண்ணெயிலிருந்து பெறப்படுவன ஆதலின் அவற்றின் விலையும் ஏறியது. மக்களின் சுவையும் மெல்ல மாறியது. 1970-களின் இறுதியில் காமலேயோந்தா செய்யப்படுவது நின்றது.

விருப்பம் மாறாமைக்குக் காரணம்

செய்வது நின்றது, விருப்பம் நிற்கவில்லை. பழைய இருக்கைகளை மக்கள் தேடித் தேடி வாங்கலாயினர். அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பயன். நகரங்களில் வீடுகள் இன்றும் சிறியனவாகவே உள்ளன. குடும்பங்கள் அடிக்கடி வீடு மாறுகின்றன. பிரித்து எடுத்துச் சென்று, புதிய அறைக்கேற்ப மீண்டும் சேர்க்கத்தக்க பொருளுக்கு மதிப்புக் குறைவதில்லை. இரண்டாவது, அழகு. வேண்டாத அணி எதுவும் அவற்றில் இல்லை. இணைக்கும் கொக்கியும் மடியும் தையலுமே அணிகளாக விளங்குகின்றன. மூன்றாவது, பழுது பார்க்கும் எளிமை. ஒட்டி முடித்த பொருளில் ஓர் உறுப்புக் கெட்டால் முழுவதையும் எறிய வேண்டும். பிரியும் பொருளில் கெட்ட உறுப்பை மட்டும் எடுத்துச் சீர்செய்யலாம்.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. சிறிய வீடுகளின் தேவையிலிருந்து பிறந்த இவ்விருக்கைகளுள் பல, காலப்போக்கில் செல்வர் மட்டுமே வாங்கத்தக்க அரும்பொருள்கள் ஆயின. அடுக்கிய உருளைகள் போன்ற சிலவே எளிய இல்லங்களிலும் நிலைத்தன.

காலம் செய்யும் கேடு

பிளாஸ்டிக்குத் தோன்றியபோது அதற்கு அழிவே இல்லை எனப் பலர் எண்ணினர். உண்மை வேறாயிற்று. முறையாகப் பேணிய மரநாற்காலி பல நூறு ஆண்டுகள் நிலைக்கிறது. பாலியூரிதேன் நுரையோ சில பத்தாண்டுகளிலேயே தளர்கிறது. ஒருவகை நுரை ஒளியாலும் காற்றிலுள்ள உயிர்வளியாலும் சிதைகிறது. மற்றொரு வகை ஈரத்தால் சிதைகிறது. முதலில் மஞ்சள் நிறம் பாய்கிறது. பிறகு மென்மை கெடுகிறது. இறுதியில் கையால் தொட்டாலே பொடியாய் உதிர்கிறது. மேலே துணி பொலிவுடன் விளங்க, உள்ளே இருக்கை மண்ணாகிக்கொண்டிருக்கும்.

ஏ. பி. எஸ். பேழைகளின் கேடு வேறு வகையானது. வெயில் படும் இடத்தில் வைத்த வெள்ளைப் பேழை நாளடைவில் பழுப்பு நிறம் அடைகிறது. விளிம்புகள் நொறுங்கும் தன்மை பெறுகின்றன.

புதுப்பிக்கும் முறை

பழுதுற்ற இருக்கையைப் புதுப்பிப்பவர் முதலில் கத்தரிக்கோலை எடுத்தல் கூடாது; அளவுகோலை எடுத்தல் வேண்டும். ஒவ்வோர் அலகின் நீள அகல உயரங்களைக் குறித்து, எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து வைப்பார். நிறுவனத்தின் முத்திரையோ துணிச்சீட்டோ இருப்பின் அதனைக் காத்து வைப்பார். பிறகு உறையை வெட்டாமல் தையல் தையலாகப் பிரிப்பார். பழைய உறை கிழிந்திருந்தாலும் அதுவே புதிய உறைக்கு வழிகாட்டும் மாதிரி ஆகும்.

உள்ளிருக்கும் நுரைத்தூள் மூச்சில் கலவாதவாறு மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் நலம். அடிப்பலகை உளுத்துள்ளதா, கம்பிவடம் தளர்ந்துள்ளதா எனப் பார்ப்பார். கொக்கிகளிலும் வளையங்களிலும் துருவை மட்டும் நீக்கி, அவற்றையே மீண்டும் பயன்படுத்துவார். அவை இருக்கையின் எலும்பும் நரம்பும் போன்றவை. அவற்றை மாற்றிவிட்டால் பழைய இருக்கை என்று கூறுவதற்கு எஞ்சுவது யாது?

புதிய நுரையைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும். அடியில் உறுதியான நுரையும், மேலே மென்மையான நுரையும், அவற்றைப் போர்த்தும் மெல்லிய பஞ்சு விரிப்பும் அமைதல் வேண்டும். மிகக் கடினமானால் அமர்வோர்க்கு இன்பம் இல்லை. மிக மென்மையானால் அலைபோன்ற வடிவம் குலைந்துவிடும். நுரை உறையைவிடச் சற்றே பெரிதாக இருந்தால்தான் உறை சுருக்கமின்றி இறுகி நிற்கும். மெத்தையை உள்ளிழுக்கும் பிணைப்புகள் எல்லா அலகுகளிலும் ஒரே ஆழத்தில் இருத்தல் வேண்டும். ஒன்று பிழைத்தாலும் வரிசையில் அது கண்ணை உறுத்தும்.

பிளாஸ்டிக்குப் பேழையைத் துடைக்க மென்மையான துணியும் சிறிது சோப்பு நீரும் போதும். அசிட்டோன் முதலிய கரைப்பான்கள் ஏ. பி. எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். பழுப்பேறிய பேழையை ஐதரசன் பெராக்சைடு கொண்டு வெளுப்பதும் உண்டு. ஆயின் அவ்வெண்மை நிலைப்பதில்லை. வெயிலிலிருந்து விலக்கி வைப்பதே சிறந்த மருந்து.

காப்பதா, பயன்படுத்துவதா?

இங்கே ஓர் அரிய வினா எழுகின்றது. சிதைந்த நுரையை எடுத்தெறிந்து புதிய நுரையை வைத்தால் இருக்கை அமர்வதற்கு உதவும். ஆனால் 1970-ஆம் ஆண்டின் தொழிலாளர் வார்த்த நுரை, அக்காலத் தொழில்நுட்பத்தின் சான்று, என்றைக்கும் அழிந்துபோம். பழைய நுரையை அப்படியே வைத்திருந்தால் சான்று நிற்கும்; இருக்கையில் யாரும் அமர இயலாது. எது முறை?

இத்தாலியில் பழம்பொருள்களைப் புதுப்பித்தல் ஒரு தனிக் கல்வியாக வளர்ந்துள்ளது. 1939-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் அதற்கென ஒரு நடுவண் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் சேசரே பிராந்தி 1963-ஆம் ஆண்டில் புதுப்பித்தல் கோட்பாடு பற்றிய நூலை வெளியிட்டார். தொழிற்பொருளைப் புதுப்பிப்பதன் நோக்கம் அதன் பயனை மீட்பது என்றும், கலைப்பொருளைப் புதுப்பிப்பதில் பயன் இரண்டாம் இடமே பெறும் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். கலைப்பொருளின் முழுமையை மீட்கலாம். ஆனால் போலியை உண்டாக்கலாகாது. காலம் பதித்த சுவடுகளைத் துடைத்தழித்தலும் ஆகாது என்பது அவர் கொள்கை.

இவ்விருக்கையோ இரண்டிற்கும் உரியது. அது தொழிற்சாலையில் பிறந்த பொருள். அருங்காட்சியகத்தில் அமர்ந்த கலையும் ஆகும். எனவே வல்லுநர் இடமறிந்து செயற்படுகின்றனர். அருங்காட்சியகத்தில் ஒளியையும் ஈரத்தையும் குறைத்து வைக்கின்றனர். தளர்ந்த நுரைமீது அதனை உறுதியாக்கும் கரைசலை மெல்லிய துளிகளாகத் தூவி, பழைய நுரையையே காக்கின்றனர். இல்லத்தில் பயன்படும் இருக்கைக்குப் புதிய நுரை இடுகின்றனர். எதனை மாற்றினர், எந்த ஆண்டில் மாற்றினர் என்பதை உறையின் உட்புறத்தில் குறித்து வைக்கின்றனர். பழைய உறையின் ஒரு துண்டையும் காத்து வைப்பவர் உளர். புதியதைப் பழையது என்று கூறி விற்பதே இதில் செய்யத்தகாத பிழை. மாற்றம் குற்றம் அன்று. மாற்றத்தை மறைத்தலே குற்றம்.

மீண்டும் பிறந்த இருக்கை

2020-ஆம் ஆண்டில், முதலில் தோன்றி ஐம்பது ஆண்டுகள் நிறைந்தபோது, பி அண்ட் பி இத்தாலியா நிறுவனம் காமலேயோந்தாவை மீண்டும் செய்யத் தொடங்கியது. அளவும் தோற்றமும் கொக்கியும் வளையமும் பழையனவே. உள்ளிருக்கும் பொருள்களைப் புதிதாகத் தேர்ந்தனர். பயன் முடிந்தபின் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து மீண்டும் பயன்படுத்துவதற்கு ஏற்பவும் அமைத்தனர். பிரித்துச் சேர்க்கும் கருத்து முன்னர் வாழ்வோரின் வசதிக்காகத் தோன்றியது. இப்போது அது நிலவுலகின் நலத்திற்கும் உதவுகிறது.

பொருளைச் செய்வோர் அதன் பிறப்பை மட்டும் எண்ணினால் போதாது. அதன் முதுமையையும் எண்ணுதல் வேண்டும். வாங்குவோர் அதன் புதுமையை மட்டும் விரும்பினால் போதாது. அது தளரும்போது பேணவும் அறிதல் வேண்டும். போரால் சிதைந்த ஒரு நாட்டு மக்கள் சிறிய அறைகளில் பெரிய வாழ்வு வாழக் கண்ட வழி இவ்விருக்கைகள். ஒரு கொக்கியைக் கழற்றிக் கெட்டதை மாற்றி, நல்லதைக் காத்து, மீண்டும் மாட்டும் கைகள் உள்ளவரை அவை அழியா.

பயிற்சி

1. போருக்குப் பின் இத்தாலியில் புதுவகை அறைகலன் தோன்றியதற்குக் காரணங்கள் யாவை?
2. ‘காமலேயோந்தா’ என்னும் பெயர் இவ்விருக்கைக்கு எவ்வாறு பொருந்துகிறது?
3. புதுப்பிப்பவர் உறையை வெட்டாமல் பிரிப்பது ஏன்?
4. ‘மாற்றம் குற்றம் அன்று, மாற்றத்தை மறைத்தலே குற்றம்’ – இதனை விளக்குக.
5. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பேணும் முறை பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.